முயற்சியாளரும் பல்துறைப் பயிற்சியும்

முயற்சியாளர் ஒரு துறையில் ஆழ்ந்தவராயிருத்தல் வேண்டுமா, பல துறைகளில் ஓரளவு பயின்றவராயிருத்தல் வேண்டுமா என்னும் வினாவை அமெரிக்கப் பொருளியலாளர் எட்வேர்ட் லசியர் 2004, 2005 ஆம் ஆண்டுக் கட்டுரைகளில் ஆராய்ந்தார். சம்பளத்திற்குப் பணிபுரிபவரின் ஊதியத்தை அவரது மிகச் சிறந்த திறன் நிர்ணயிக்கின்றது. முயற்சியாளரின் வருவாயையோ அவரது மிகக் குறைந்த திறனே கட்டுப்படுத்துகின்றது என்பது அவர் கருத்து. நன்றாகப் பாண் சுடத் தெரிந்தவர் பிறரது வெதுப்பகத்திற் பணிபுரிய அத்திறன் ஒன்றே போதும். தாமே வெதுப்பகம் திறப்பாராயின், மாவின் விலை, கடனுக்குக் கொடுத்த பாணின் கணக்கு, வேலையாட்களை நடத்தும் முறை ஆகியவற்றுள் எதில் அவர் தளர்கின்றாரோ அதிலேயே தொழிலும் தளரும். கணக்கரை அமர்த்தலாமே எனலாம். கணக்கறியாதவர் கணக்கரை மதிப்பிடுவதெங்ஙனம்?

ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழக வணிகக் கல்லூரியின் பழைய மாணவருள், பல்வகைப் பாடங்களைப் பயின்றோரும் பல பொறுப்புக்களை வகித்தோருமே தொழில் தொடங்குவதில் முன்னின்றமையை லசியர் கண்டார்.

எனினும் தொழில் தொடங்குதல் வேறு, அதில் வெற்றி பெறுதல் வேறு. கனடாவின் புத்தாக்குநர் பற்றி அஸ்ரெப்றோ, தொம்சன் ஆகியோர் 2011 இல் வெளியிட்ட ஆய்விலும் முயற்சியாளர் பல வேலைகள் பார்த்தவராகவே காணப்பட்டனர்; ஆயின், அனுபவம் பல்வகைப்பட்டோரின் குடும்ப வருமானம் குறைவாயிருந்தது. மாற்றத்தின் மீதுள்ள நாட்டமே அவர்களை வேலைக்கு வேலை நகர்த்தியது என்னும் விளக்கத்திற்கே இது பொருந்துகின்றது. வேலையற்ற பட்டதாரிகளுக்குச் சுயதொழிலை மருந்தாகப் பரிந்துரைப்போர் இவ்வேறுபாட்டை எண்ணிப் பார்த்தல் நன்று. ஐந்து வேலைகள் பார்த்தவர் என்பதனாலேயே ஒருவருக்குக் கடன் கணக்கு எழுதத் தெரிந்துவிடாது.