துணியில் தைத்த தாராவி

மும்பையில் பழைய புடவை கொடுத்தால் பாத்திரம் கிடைக்கும். ஆனால் பல மராட்டியப் பெண்கள் பழைய புடவையை எளிதில் கொடுக்க மாட்டார்கள். அதில் போர்வை தைப்பார்கள். அதன் பெயர் கோதடி.

புடவைகளை ஒன்றன்மேல் ஒன்றாக விரிப்பார்கள். மேலே வண்ணத் துண்டுகளை வைப்பார்கள். ஓரத்தில் தொடங்கிச் சின்னச் சின்னத் தையலாகப் போடுவார்கள். தனியாகத் தைத்தால் பல நாள் பிடிக்கும். அக்கம்பக்கத்தாரும் வந்து உட்கார்ந்தால் வேலை ஓடும். கை தைக்கும், வாய் பேசும்.

2015ஆம் ஆண்டு தாராவியில் ஒரு கலைவிழா நடந்தது. ஸ்னேகா என்ற தொண்டு நிறுவனம் அதை நடத்தியது. அதற்காகத் தாராவிப் பெண்கள் கூடி, துணியில் தாராவியின் வரைபடத்தைத் தைத்தார்கள். எந்த இடம் எங்கே இருக்கிறது என்று காட்டும் படம்தான் வரைபடம். ஆனால் இவர்கள் இன்னொன்றையும் காட்டினார்கள். பெண்களுக்கு அடியும் தொல்லையும் நேர்ந்த இடங்களை ஊசி நூலால் குறித்தார்கள்.

அடிபட்டவள் காவல் நிலையத்தில் சொல்லக் கூசுவாள். தாயிடம்கூடச் சொல்ல மாட்டாள். குனிந்து தைக்கும்போது பக்கத்தில் இருப்பவளிடம் சொல்லிவிடுவாள். யாரும் அவள் முகத்தைப் பார்ப்பதில்லை அல்லவா?

வீட்டில் கொடுமைக்கு ஆளாகும் பெண்களைப் பாதுகாக்க 2005ஆம் ஆண்டு தனிச்சட்டம் வந்தது. பெண்கள் உதவிக்கான தொலைபேசி எண் 181.