கோப்புறை ஒழுங்கு: பழவேற்காட்டு மீனவர் ஆவணங்களை முன்வைத்து

இந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் சிலிக்காவுக்கு அடுத்த பெரிய ஏரியான பழவேற்காட்டைச் சுற்றியுள்ள குப்பங்களில், வலையையும் படகையும் போலவே ஆவணங்களும் பிழைப்புக்கு இன்றியமையாதவை ஆகிவிட்டன. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்கால நிவாரணமாயினும், மீனவர் சேமிப்பு நிவாரணத் திட்டமாயினும், குடும்ப அட்டை, ஆதார், வங்கிப் புத்தகம் ஆகியவற்றின் நகல்கள் மீண்டும் மீண்டும் கேட்கப்படுகின்றன. அவை ஸ்கேன் செய்யப்பட்டு, ‘ஸ்கேன்0012’ என்பது போன்ற பெயருடன் கணினியின் முகப்புத்திரையில் குவிந்துவிட்டால், அடுத்த ஆண்டு தேவைப்படும்போது கணினியில் இருந்தும் கைக்கு எட்டுவதில்லை.

‘டெஸ்க்டாப்’ என வழங்கும் முகப்புத்திரை, அலுவலக மேசையைத் திரையில் காட்டும் எண்ணத்தில் உருவானது. 1981-இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ‘ஸ்டார்’ கணினி அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது, 1984-இல் வந்த மெக்கின்டோஷும் பின்னர் விண்டோசும் அதைப் பரப்பின. தனி இடம்போல் தோன்றினாலும் அதுவும் ஒரு கோப்புறையே, அதாவது கோப்புகளைத் தொகுத்து வைக்கும் உறையே ஆகும். விண்டோஸ் கணினிகளில் அது வழக்கமாக ‘சி’ பகுதியில் இருப்பதால், அப்பகுதியை அழித்து விண்டோசை மறுபடி நிறுவ நேர்ந்தால் முகப்புத்திரைக் கோப்புகளும் சேர்ந்தே போய்விடும். அன்றன்று வேலை நடக்கும் கோப்புகளும் ‘ஷார்ட்கட்’ எனும் குறுக்குவழிகளும் மட்டும் அங்கிருந்தால் போதும். குறுக்குவழி என்பது கோப்பன்று, கோப்பு இருக்கும் இடத்தைச் சுட்டும் குறிப்பு மட்டுமே. ஆகையால் அதை மட்டும் பென்டிரைவில் எடுத்துச் சென்றால் வேறு கணினியில் திறக்க எதுவும் இராது.

கோப்புறைகளை எவ்வாறு பகுப்பது என்பதை, ஆவணம் எந்தக் கேள்வியின் பேரில் தேடப்படும் என்பதே முடிவு செய்ய வேண்டும். இவ்வாவணங்களை வைத்திருக்கும் மீனவர் கூட்டுறவுச் சங்கத்துக்கு வருபவர் தம் ஊரையும் பெயரையும் சொல்லியே கேட்பார் என்பதால், ஆதார் போன்ற எளிதில் மாறாத ஆவணங்களுக்குக் குப்பம், அதனுள் குடும்பம் என்ற அடுக்கு பொருந்தும். ஆண்டுதோறும் புதிதாக எழும் விண்ணப்பங்களுக்கு ஆண்டு, அதனுள் திட்டம் என்பதே ஏற்றது. இரண்டையும் கலந்தால் ஒரே ஆதார் நகல் திட்டத்துக்கொன்றாகப் பெருகி, முகவரி மாறிய பின் எடுத்த நகல் எது என்பது யாருக்கும் தெரியாமல் போகும்.

பெயரிடுவதில் தேதிக்குத் தனிக் கவனம் தேவை. கணினி பெயர்களை இடப்புறத்திலிருந்து ஒப்பிட்டு வரிசைப்படுத்துவதால், ‘15-04-2024’ என்று தொடங்கும் கோப்பு ‘16-01-2023’ என்பதற்கு முன்னால் வந்து நிற்கும். ‘2024-04-15’ என ஆண்டை முதலில் எழுதினால் வரிசை தானாகவே காலவரிசையாகிவிடும். தேதியில் சாய்கோடு இடும் வழக்கத்தையும் இங்கே விட்டுவிட வேண்டும், ஏனெனில் கோப்புப் பெயரில் அக்குறியை விண்டோஸ் ஏற்பதில்லை.

பழவேற்காட்டின் பாடு முறையை எண்ணிப் பார்த்தால் இவ்வொழுங்கின் அருமை விளங்கும். ஏரியில் இறாலுக்காகச் சுத்துவலை கட்டத்தக்க இடங்கள் குறைவு என்பதால், உரிமையுள்ள மீனவர்கள் எந்த இடத்தில் யார் எப்போது வலை கட்டுவது என்பதை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் பழைய ஏற்பாடு அது. அத்தகைய முறைப்பட்டியல் ஒன்று கணினியில் ஏற்றப்பட்டு, ‘பட்டியல்’, ‘பட்டியல் புதியது’, ‘பட்டியல் இறுதி’ என மூன்று கோப்புகளாகக் கிடந்தால், தவறான பிரதியை அச்சிட்டவரால் ஒரு குழுவின் ஒருநாள் வருமானமே பறிபோகக்கூடும். நடைமுறையில் உள்ள பட்டியல் ஒன்றே ஒன்றாக, தேதியிட்டு, தனிக் கோப்புறையில் இருப்பதும், பழையவை ‘முந்தையவை’ என்ற உறைக்குள் ஒதுக்கப்படுவதும் இத்தகைய இழப்பைத் தவிர்க்கும்.

தமிழ் ஆவணங்களுக்கென்றே உரிய சிக்கலொன்றும் உண்டு. வானவில் போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளுக்கு உரிய எண்களிலேயே தமிழ் வடிவங்களை ஏற்றியவை. திரையில் ‘மீனவர்’ எனத் தெரிந்தாலும் கணினியின் உள்ளே இருப்பவை வேறு எழுத்துகளே. ஒவ்வொரு தமிழ் எழுத்துக்குறிக்கும் உரிய எண்ணை உலகளவில் வரையறுத்த ஒருங்குறியை, அதாவது யூனிகோடை, தமிழக அரசு 2010-இல் தரமாக ஏற்ற பின்னரும் பழைய எழுத்துருக் கோப்புகள் அலுவலகங்களில் புழங்கவே செய்கின்றன. ஒருங்குறியில் ‘மீனவர்’ என்று தட்டித் தேடினால் அவை அகப்படா. எனவே பழைய கோப்புகளை எழுத்துரு மாற்றியின் வழியே ஒருங்குறிக்குக் கொண்டுவருவது, கோப்புறைகளை அடுக்குவதைவிடப் பெரிய வேலையாயினும் அதைவிடப் பயனுள்ளது. ஒருமுறை மாற்றிவிட்டால் கோப்பின் பெயரையும் தமிழிலேயே இட்டுத் தேடலாம்.

2004 ஆழிப்பேரலையையும் 2023 மிக்ஜாம் புயலையும் கண்ட கரையில், ஒரே கணினியை நம்பியிருப்பது ஆபத்தானது; உப்புக்காற்று மின்னணுப் பகுதிகளை அரிப்பதும் உண்டு. வெளி வட்டில் ஒரு நகலும், ஊருக்கு அப்பால் உள்ள இடத்திலோ இணையச் சேமிப்பிலோ மற்றொரு நகலும் இருப்பது நன்று. ஆதார், வங்கி விவரங்கள் அடங்கிய கோப்புறை என்பதால் இந்நகல்களுக்குக் கடவுச்சொல் பூட்டு வேண்டும். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் அவற்றை வேறொரு கணினியில் திறந்து, கோப்புகள் பழுதின்றி இருக்கின்றனவா என்று பார்த்துவிடவும் வேண்டும்.