டெலிவிஷனில் தோட்டம், மொட்டை மாடியில் தொட்டி!

தோட்டம் போடுவது ஒரு கலை. பிறர் தோட்டம் போடுவதை உட்கார்ந்து பார்ப்பது இன்னொரு கலை. முதலாவதில் கையில் மண் ஒட்டும்; இரண்டாவதில் கையிலிருக்கும் காபி ஆறிப் போகும். நம்மில் பெரும்பாலோர் இரண்டாவது கலையில் நிபுணர்கள் என்று சொன்னால், நேயர்களே, நீங்கள் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

திருவண்ணாமலையையே எடுத்துக்கொள்ளுங்கள். கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு கொல்லைப்புறம் இருந்தது. கிணற்றடியில் வாழை, வேலியோரம் அவரை, வாசலில் நந்தியாவட்டை. இன்று அந்தக் கொல்லைகளிலெல்லாம் அறைகள் எழும்பிவிட்டன. மிச்சமிருப்பது மொட்டை மாடியும், அதில் பத்துத் தொட்டிகளும்தான். அவற்றுக்குத் தண்ணீர் சுமப்பவள் பெரும்பாலும் வீட்டுப் பெண்மணியே.

அவள் யோசனை கேட்க யாரிடம் போவாள்? மாமியாரின் அனுபவம் தரையில் விதைத்த அனுபவம். தொட்டிக்கு அது முழுவதும் பொருந்தாது. ஆகவே டெலிவிஷனைத் திருப்புகிறாள், அல்லது கைப்பேசியில் யூடியூபைத் திறக்கிறாள். அங்கே ஒருவர் செழித்த கத்தரிச் செடிக்குப் பக்கத்தில் நின்று சிரித்தபடி பேசுகிறார். "இவர் சொல்வதை நம்பலாமா?" என்பதுதான் கேள்வி. இது விளையாட்டு விஷயம் அல்ல. தப்பான யோசனையைக் கேட்டால் செடி மட்டுமா போகிறது? மண்ணுக்கும் விதைக்கும் கொடுத்த பணம், சித்திரை வெயிலில் மாடியேறிச் சுமந்த தண்ணீர் எல்லாம் போகின்றன. அவற்றைவிடப் பெரிய நஷ்டம், "நமக்கெல்லாம் இது கைவராது" என்று மனசு விட்டுப் போவது.

நெல்லுக்குக் கிடைத்த பெயர்

நம் நாட்டில் இந்தச் சங்கதி ரேடியோவில் ஆரம்பித்தது. திருச்சி வானொலியின் பண்ணை நிகழ்ச்சிகளைத் தஞ்சாவூர் ஜில்லாவில் கேட்காத கிராமம் இல்லை என்பார்கள். 1960-களின் நடுவில் ஆடுதுறையிலிருந்து ஏ.டி.டி. 27 என்ற புது நெல் வந்தது. அதை எப்படிப் பயிரிடுவது என்று வானொலி விடாமல் சொல்லிவந்தது. ஜனங்கள் அந்த நெல்லுக்கு வைத்த பெயர் என்ன தெரியுமா? "ரேடியோ நெல்!" கேட்பவர்கள் நம்பினால் எவ்வளவு தூரம் போவார்கள் என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

டெலிவிஷனில் முதலாவது 1967 ஜனவரி 26-ல் டில்லியில் தொடங்கிய 'கிருஷி தர்ஷன்'. 1975 ஆகஸ்டு 15-ல் சென்னைக்கும் டெலிவிஷன் நிலையம் வந்தது. 'வயலும் வாழ்வும்' நம் வீட்டுக் கூடத்துக்குள் நுழைந்தது.

அந்தப் பெயரைக் கேட்டதும் உங்கள் உதட்டில் ஒரு சிரிப்பு வருகிறதல்லவா? வரத்தான் செய்யும். ஒரே ஒரு சானல் இருந்த காலம். சினிமாப் பாட்டுக்காகக் காத்திருந்த குழந்தைகள் முன்னால் உரமூட்டையும் பூச்சிமருந்தும் வந்து நின்றால் கோபம் வராதா? "வயலும் வாழ்வும் பார்க்கிற முகம்" என்று கேலி செய்யும் அளவுக்குப் போயிற்று.

ஆனால் நியாயமாகப் பார்த்தால், அந்த நிகழ்ச்சியில் ஒரு பெரிய குணம் இருந்தது. பேச வந்தவர்கள் வேளாண்மைத் துறை அதிகாரிகளும் விவசாயிகளும். அவர்களுக்குக் கேமராவைப் பார்த்துச் சிரிக்கத் தெரியாது. ஆனால் ஏக்கருக்கு எத்தனை கிலோ, எத்தனை நாள் கழித்து என்று கணக்காகச் சொல்லத் தெரியும். நமக்கு இருந்த ஒரே சங்கடம், அவர்கள் ஏக்கரில் பேசினார்கள், நம்மிடம் இருந்ததோ நாலு தொட்டி. 2006-ல் தொடங்கிய மக்கள் தொலைக்காட்சி 'மலரும் பூமி' என்று விவசாயத்துக்காகவே ஒரு நிகழ்ச்சியை நடத்தியது. இயற்கை விவசாயத்தின் பக்கம் நகரவாசிகள் பலர் திரும்பிப் பார்த்த காலம் அது. 2013-ல் தமிழக அரசு சென்னையிலும் கோவையிலும் மாடித் தோட்டத்துக்கென்று பைகள், தென்னை நார்க் கழிவு, விதை எல்லாம் அடங்கிய பெட்டியை மானிய விலையில் கொடுக்கத் தொடங்கியது. அதற்குப் பிறகுதான் தொட்டிக்காரர்களுக்கு மதிப்பு வந்தது.

கோட்டைக் கழற்றி மாட்டிய மனிதர்

இங்கிலாந்து ஜனங்களுக்குத் தோட்டம் என்றால் உயிர். அங்கே பி.பி.சி. 1968-ல் ஆரம்பித்த 'கார்டனர்ஸ் வேர்ல்ட்' இன்னும் நடக்கிறது. அதை முதலில் நடத்தி வந்தவர்களில் புகழ் பெற்றவர் பெர்ஸி த்ரோவர். அவர் தகப்பனாரே ஒரு பெரிய பங்களாவின் தலைமைத் தோட்டக்காரர். த்ரோவர் டையும் கோட்டுமாக வருவார். கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு மண்ணில் கை வைப்பார். அந்த ஒரு காரியத்திலேயே, "இவர் பேச வந்தவர் அல்ல, வேலை செய்ய வந்தவர்" என்று பார்ப்பவர்களுக்குப் புரிந்துவிடும்.

அப்பேர்ப்பட்டவருக்கு என்ன ஆயிற்று? 1970-களின் நடுவில் ஒரு பெரிய ரசாயனக் கம்பெனியின் தோட்டச் சரக்குகளுக்கு விளம்பரத்தில் தோன்ற ஒப்புக்கொண்டார். பி.பி.சி. அவரை நிகழ்ச்சியிலிருந்து நீக்கிவிட்டது. யோசனை சொல்கிறவர் சரக்கும் விற்றால், எது யோசனை, எது விற்பனை என்று பார்ப்பவருக்கு எப்படித் தெரியும்? த்ரோவர் கெட்டிக்காரர், நல்லவர் என்பதில் சந்தேகமில்லை. ஆனாலும் அந்தக் கேள்வி நியாயமான கேள்விதான்.

பிற்பாடு வந்த ஜெஃப் ஹாமில்டன் வேறு மாதிரி. கடையில் வாங்குவதைக் குறைத்து, கிடைத்ததைக் கொண்டு சிக்கனமாகச் செய்து காட்டுவார். சதுப்பு நிலங்களை வெட்டியெடுக்கும் 'பீட்' மண்ணைத் தோட்டத்துக்கு உபயோகிக்காதீர்கள் என்று வாதாடினார். பீட்டுக்குப் பதிலாக அந்நாட்டார் இன்று வாங்குவனவற்றில் ஒன்று, நம் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து கப்பலேறும் தென்னை நார்க் கழிவு! நாம் வேண்டாமென்று ஒதுக்கிய கழிவுக்குச் சீமையில் வந்த யோகத்தைப் பாருங்கள்.

1997-ல் அதே பி.பி.சி.யில் 'கிரவுண்ட் ஃபோர்ஸ்' வந்தது. வீட்டுக்காரர் இல்லாத சமயம் பார்த்து, இரண்டே நாளில் ஒரு கோஷ்டி அவருடைய தோட்டத்தை மாற்றிவிடும். பார்க்கப் பிரமாதம்! ஆனால் செடிக்கு இரண்டு நாள் என்ற கணக்குத் தெரியுமா? இன்று நம் கைப்பேசியில் ஒரு நிமிஷத்தில் விதை முளைத்துப் பூத்துக் காய்க்கிறதே, அதற்குப் பாட்டனார் இவர்தான்.

நம் வீட்டு அபிப்பிராயங்கள்

சரி, நம் ஊர்ப் பெண்மணிகளின் அபிப்பிராயம் என்ன? எந்தத் தெருவில் கேட்டாலும் நாலு குறைகள் வரும்.

முதல் குறை: "அளவு சொல்வதில்லை." 'கொஞ்சம்' என்பார், 'கைப்பிடி' என்பார். யாருடைய கை? பஞ்சகவ்யம் தெளிப்பதென்றால் பத்து லிட்டர் தண்ணீருக்கு 300 மில்லி, அதாவது நூற்றுக்கு மூன்று பங்கு. வேப்பங்கொட்டைக் கரைசல் என்றால், இடித்த வேப்பங்கொட்டைப் பருப்பு 50 கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு முழுவதும் ஊறவைத்து வடிகட்ட வேண்டும். இப்படிச் சொன்னால் சமையல் குறிப்பு மாதிரி எழுதி வைத்துக்கொள்ளலாம். சாம்பாருக்கே அளவு கேட்கிற நாம், செடிக்கு மட்டும் கேட்க வேண்டாமா?

இரண்டாவது: "எந்த ஊர் என்று சொல்வதில்லை." ஊட்டியிலோ பெங்களூரிலோ ரோஜாவைக் காட்டி, "நல்ல வெயிலில் வையுங்கள்" என்கிறார்கள். அந்த ஊர் வெயில் வேறு; நம் மலையின் கல் சூடேறி ஊரே அடுப்பாகும் வைகாசி வெயில் வேறு. இங்கே மாடித் தொட்டிக்கு நிழல் வலை வேண்டும். மண்ணின் மேல் காய்ந்த சருகைப் போர்த்த வேண்டும். காலை மாலை இருவேளை தண்ணீர் வேண்டும்.

மூன்றாவது: "காலம் சொல்வதில்லை." ஆடிப்பட்டம் தேடி விதை என்று நம் பெரியவர்கள் ஒரே வரியில் சொன்னதை அரை மணி நிகழ்ச்சியில் சொல்ல மறந்துவிடுகிறார்கள். குண்டுமல்லியை எடுத்துக்கொள்ளுங்கள். நவம்பர் கடைசி வாரத்தில், தரையிலிருந்து சுமார் ஒன்றரை அடி விட்டுக் கவாத்து செய்தால்தான் அடுத்த பருவத்தில் பூ கொட்டும். நமக்கோ அது கார்த்திகை. தீபத் திருவிழாவுக்கு உறவினர் வந்து வீடு நிறைந்திருக்கும் நேரம். கத்தரிக்கோலை யார் தேடுவார்கள்? ஞாபகப்படுத்த ஒரு நல்ல அறிவிப்பாளர் இருந்தால் எவ்வளவு உபகாரம்!

நாலாவது குறைதான் மிகவும் சுவாரஸ்யமானது: "குரங்கைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை!" திருவண்ணாமலைவாசிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தக்காளி சிவப்பதை நமக்கு முன்னால் பார்ப்பவை அவைதான். எந்த டெலிவிஷன் தோட்டத்திலாவது ஒரு குரங்கு வந்து குதித்துப் பார்த்திருக்கிறீர்களா? வலை கட்டலாம், அல்லது கற்பூரவல்லி, துளசி, கற்றாழை, கறிவேப்பிலை என்று அவை அதிகம் சீண்டாதவற்றை வெளியில் வைத்து, காய்ப்பவற்றை வலைக்குள் வைக்கலாம். இதைச் சொல்லும் புண்ணியவானுக்கு நம் ஊரில் ஒரு மாலை காத்திருக்கிறது.

யாரை நம்புவது?

நாலு கேள்வி கேட்டுப் பாருங்கள். அவர் அளவு சொல்கிறாரா? எந்த ஊர், எந்த மாதம் என்று சொல்கிறாரா? செத்துப்போன செடியையும் என்றாவது காட்டுகிறாரா? முடிவில் ஏதாவது ஒரு புட்டியை விற்கிறாரா?

மூன்றாவது கேள்வி முக்கியமானது. செடி சாகாத தோட்டம் பூமியில் இல்லை. "இது ஏன் வாடிற்று தெரியுமா?" என்று வாடிய செடியைப் பிடுங்கி வேரைக் காட்டுகிறவர்தான் குரு. மற்றபடி, 'முட்டை ஓட்டைப் போட்டேன், ஒரே வாரத்தில் குலுங்கிற்று' என்பாரை வணக்கம் சொல்லி அனுப்பிவிடுங்கள். முட்டை ஓட்டில் சுண்ணாம்புச் சத்து உண்டு. ஆனால் அது மண்ணில் கரைவதற்கு மாதக் கணக்காகும்.

பொறுமைக்குப் பாடம் வேண்டுமானால், டெலிவிஷனை அணைத்துவிட்டு ஜன்னல் வழியாக அண்ணாமலையைப் பாருங்கள். மொட்டையாகக் கிடந்த சரிவுகளில் 1980-களின் இறுதியிலிருந்து மரம் நட்டு வருகிறார்கள். மழைக் காலத்தில் கன்று நடுவது, கோடையில் தீ பரவாமல் புல்லை வெட்டி இடைவெளி விடுவது என்று வருஷா வருஷம் அதே வேலை. அதை அரை மணி நிகழ்ச்சியாக எடுக்க முடியாது. எடுத்தாலும் சினிமாப் பாட்டு மாதிரி இருக்காது. ஆனால் பச்சை வந்திருக்கிறதே!

அறிவிப்பாளர்களிடம் குறை காண்பதோடு நாம் நின்றுவிடவும் கூடாது. பிடித்திருந்தால் இரண்டு வரி எழுதுங்கள். பிடிக்காவிட்டால் காரணத்தோடு எழுதுங்கள். "எங்கள் ஊர் திருவண்ணாமலை. தண்ணீர் உப்பு; தொட்டி ஓரத்தில் வெள்ளை பூக்கிறது; குரங்கு வேறு. எங்களுக்கு என்ன சொல்கிறீர்கள்?" என்று கேளுங்கள். பதில் சொல்ல வேண்டிய கேள்வி வந்தால்தான் அவர்களும் படித்துக்கொண்டு வருவார்கள்.

அந்தப் பதில் வரும் வரையில் சும்மா இருக்க வேண்டாம். அகலமான ஒரு தொட்டியில் செம்மண், மணல், மக்கிய உரம் மூன்றையும் சமமாகக் கலந்து சிறுகீரை விதையைத் தூவி வையுங்கள். மூன்று நாலு வாரத்தில் கீரை குழம்புக்கு வந்துவிடும். அன்றைக்கு டெலிவிஷன் பார்க்க உங்களுக்கு நேரம் இருக்காது.