இஎம்ஐ இல்லாத ஒரு சனிக்கிழமை: 500 ரூபாயில் ரயிலில் தனியா ஒரு நாள் ட்ரிப்



ரெண்டு வருஷம் முன்னாடி நான் பண்ண ஒரு தப்புல இருந்து ஆரம்பிக்கிறேன். ஆபீஸ்ல எல்லாரும் போறாங்கன்னு கிரெடிட் கார்டைத் தேய்ச்சு 36,000 ரூபாய்க்கு நாலு நாள் டூர் போனேன். பில் வந்ததும் 16 சதவீத வட்டியில் 12 மாச இஎம்ஐயா மாத்திட்டேன். மாசம் 3,266 ரூபாய். வட்டி மட்டும் சுமார் 3,200. அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி, ப்ராசஸிங் கட்டணம் எல்லாம் சேர்ந்து கிட்டத்தட்ட 4,000 ரூபாய் கூடுதல் செலவு.

பணம் போனதை விட இன்னொண்ணுதான் அதிகமா வலிச்சது. இஎம்ஐ முடியுற வரைக்கும் எங்கயும் போக மாட்டேன்னு முடிவு பண்ணினேன். வேலை, ரூம், மறுபடி வேலை. ஆறாவது மாசம் தாங்க முடியல. சரி, 500 ரூபாய்க்குள்ள எங்க போயிட்டு வரலாம்னு தேடினப்போதான் சென்னையைச் சுத்தி ரயிலில் ஒரு நாள் ட்ரிப் போற பழக்கம் வந்தது.

தனியா போறவங்களுக்கு ஏன் ரயில்?

காரும் ஆட்டோவும் வண்டிக்கு இவ்வளவுன்னு காசு வாங்கும். நாலு பேர் இருந்தா பங்கு போடலாம். தனியா போனா முழுசும் நம்ம தலையில்தான். ரயிலும் பஸ்ஸும் ஆளுக்கு இவ்வளவுன்னு வாங்கும். பைக்கில் காஞ்சிபுரம் போயிட்டு வர சுமார் 150 கிலோமீட்டர். லிட்டருக்கு 50 கிலோமீட்டர் மைலேஜ்னு வெச்சாலும் பெட்ரோலுக்கே 300 ரூபாய் ஆகும். மின்சார ரயிலில் கடற்கரை ஸ்டேஷனில் இருந்து செங்கல்பட்டு வழியா போக வர 60 ரூபாய் எடுத்து வெச்சா போதும். தூங்கிட்டும் போகலாம்!

திரும்பி வர்ற ரயிலில் இருந்து ப்ளான் பண்ணுங்க

முதல் தடவை காஞ்சிபுரம் போனப்போ போற ரயிலை மட்டும் பார்த்துட்டுக் கிளம்பினேன். அன்னைக்கு ஞாயிற்றுக்கிழமை. சாயங்காலம் ஸ்டேஷனுக்கு வந்தா நேரடி ரயில் போயிடுச்சு. அடுத்தது எப்போன்னு பார்க்காம, பதற்றத்துல கேப் புக் பண்ணி 1,900 ரூபாய் கொடுத்தேன். கிட்டத்தட்ட நாலு ட்ரிப் காசு ஒரே ராத்திரியில் காலி.

காஞ்சிபுரத்துக்கு நேரடி மின்சார ரயில் குறைவு. ஞாயிற்றுக்கிழமை அட்டவணையில் புறநகர் ரயில்களே குறைவாகத்தான் ஓடும். பராமரிப்பு வேலைன்னு சில ரயில்களை ரத்தும் செய்வாங்க. இப்போ நான் ஃபாலோ பண்றது இதுதான்:

1. முதலில் திரும்பி வர்ற ரயிலைத் தேர்ந்தெடுங்க. கடைசி ரயிலை நம்பாதீங்க. அதுக்கு முந்தின ரயில்தான் உங்க ரயில்.
2. ரயில் போயிட்டா என்ன பண்ணுவீங்கன்னு முன்னாடியே எழுதி வைங்க. காஞ்சிபுரத்தில் இருந்து பஸ்ஸில் செங்கல்பட்டு வந்துட்டா, அங்கிருந்து சென்னைக்கு மின்சார ரயில் நிறைய இருக்கு. இது தெரிஞ்சிருந்தா அந்த 1,900 ரூபாய் மிச்சம்.
3. முடிஞ்சா சனிக்கிழமை போங்க. ஞாயிறு ரெஸ்ட் எடுக்கலாம்.

அன்னைக்கு செலவு எவ்வளவு?

ரயில், போக வர: 60 ரூபாய்
ஊருக்குள்ள ஷேர் ஆட்டோ, பஸ்: 120 ரூபாய்
டிபன், சாப்பாடு, காபி: 230 ரூபாய்
தண்ணி, சில்லறைச் செலவு: 40 ரூபாய்
மொத்தம்: 450 ரூபாய். மீதி 50 கையிருப்பு.

கவனிச்சீங்களா? இதுல சின்னத் தொகைகளில் ஒண்ணு ரயில் டிக்கெட். பட்ஜெட்டை உடைக்கிறது ஊருக்குள்ள ஆகுற செலவுதான். அதனால ஊருக்குள்ள ஒரே பாதையில் சுத்துங்க. கோயில்கள் மதியம் 12 மணி வாக்கில் நடை சாத்தி, 4 மணிக்குத்தான் திறப்பாங்க. விடியற்காலை ரயிலில் போய், முதலில் ஊரின் மேற்கு ஓரத்தில் இருக்கிற கைலாசநாதர் கோயிலைப் பாருங்க. 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்ம பல்லவன் கட்டினது. சுற்றுச்சுவரை ஒட்டி வரிசையா குட்டிக் குட்டி சந்நிதிகள். அங்க ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்தேன். போன்ல ஒரு நோட்டிஃபிகேஷன் கூட பார்க்கல. 36,000 ரூபாய் டூர்ல எனக்குக் கிடைக்காத ஒரு மணி நேரம் அது.

பட்டுக் கடை பக்கம் போனா மட்டும் பர்ஸை இறுக்கிப் பிடிங்க. புடவை வாங்கணும்னா அதுக்குத் தனி பட்ஜெட் போட்டுட்டு இன்னொரு நாள் வாங்க.

கொஞ்சம் தூரமா போகணுமா?

வேலூர் கோட்டை நல்ல சாய்ஸ். 1806 சிப்பாய் புரட்சி நடந்த இடம். சென்ட்ரலில் இருந்து காட்பாடிக்கு சுமார் 130 கிலோமீட்டர். அங்கிருந்து கோட்டைக்கு பஸ் இருக்கு. இங்க ரெண்டு விஷயம் கவனிங்க. செகண்ட் சிட்டிங் சீட்டை புக் பண்ணிட்டு ரத்து செஞ்சா குறைந்தபட்சம் 60 ரூபாய் பிடிப்பாங்க. இவ்வளவு கிட்ட இருக்கிற ஊருக்கு அது டிக்கெட்டில் பெரும்பகுதி. தேதி உறுதியானா மட்டும் புக் பண்ணுங்க. அன்ரிசர்வ்டு டிக்கெட்டோட ரிசர்வ்டு பெட்டியில் ஏறிடாதீங்க. பிடிச்சா டிக்கெட் காசு போக குறைந்தது 250 ரூபாய் அபராதம்.

கிளம்புறதுக்கு முன்னாடி

வீட்டுல ஒருத்தருக்கு ரயில் நேரத்தையும் லைவ் லொக்கேஷனையும் அனுப்புங்க. பவர் பேங்க் கட்டாயம். ரயில்வே உதவி எண் 139ஐ சேவ் பண்ணி வைங்க. 500 ரூபாயைத் தவிர 1,000 ரூபாய் அவசரத்துக்குன்னு தனியா இருக்கட்டும். தொடாம திரும்பக் கொண்டு வர்றதுதான் டார்கெட்.

கடைசியா ஒரு கணக்கு

மாசம் ஒரு ட்ரிப்னா வருஷத்துக்கு 6,000 ரூபாய். நான் டூருக்கு மேல கூடுதலா கட்டின 4,000 ரூபாயில் மட்டும் எட்டு தடவை போயிருக்கலாம். பெரிய டூரே வேண்டாம்னு சொல்லல. அதே 3,266 ரூபாயை ஒரு வருஷம் முன்னாடியே ஆர்டியில் போட்டிருந்தா 39,192 ரூபாயும் அதுக்கு மேல வட்டியும் என் கையில் இருந்திருக்கும். வட்டி கட்டுறவனா இல்லாம, வட்டி வாங்குறவனா டூர் போயிருப்பேன்.

இந்த மாசம் சம்பளம் வந்ததும் 500 ரூபாயைத் தனியா எடுத்து வைங்க. எந்த ஊருக்குப் போறீங்க, எவ்வளவு ஆச்சுன்னு கமெண்ட்ல சொல்லுங்க. அடுத்த வீடியோவில் சந்திப்போம்!