மாணவரும் முத்திரை சேர்த்தலும்

கல்வி வகுப்பறையோடு முடிந்துவிடுவதன்று. ஓய்வு நேரத்தை ஒருவன் எவ்வாறு கழிக்கின்றான் என்பதைக் கொண்டே அவன் பிற்காலத்தில் எத்தகையவனாவான் என்பதைப் பெரும்பாலும் உணர்ந்துகொள்ளலாம். விளையாட்டு உடலை உரப்படுத்தும். நூல்கள் அறிவை விரிக்கும். கூர்ந்து நோக்கல், ஒழுங்குபடுத்தல், பொறுமை ஆகிய மூன்றையும் ஒருங்கே வளர்க்கும் பொழுதுபோக்குக்கள் சிலவே. அவற்றுள் ஒன்று தபால் முத்திரை சேர்த்தல். முன்னாளில் பாடசாலை மாணவரிடையே பெருவழக்காயிருந்த இப்பழக்கம் இன்று அருகி வருகின்றது. கடிதமே அருகிவிட்ட காலத்தில் முத்திரை எதற்கு என்று இளைஞர் வினவலாம். அவ்வினாவுக்கு விடை கூறுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முத்திரை தோன்றிய வரலாறே சுவையுடையது. பிரித்தானியாவிலே முன்னர்க் கடிதத்துக்குரிய கட்டணத்தைப் பெரும்பாலும் பெறுபவரே செலுத்தினர். தூரத்தையும் தாள்களின் தொகையையும் பொறுத்துக் கட்டணம் ஏறியது. ஏழைகள் பலர் தமக்கு வந்த கடிதத்தையே ஏற்க மறுத்தனர். நாட்டின் எப்பகுதிக்காயினும் அரை அவுன்சுக் கடிதத்துக்கு ஒரு பென்னி போதும். அதனை அனுப்புபவரே முற்கூட்டிச் செலுத்த வேண்டும் என்று றோலண்ட் ஹில் என்பார் 1837இல் வாதித்தார். அதன் பயனாக 1840ஆம் ஆண்டு மே மாதம் 6ஆம் திகதி விக்டோரியா மகாராணியின் தலையுருவம் பொறித்த கறுப்பு நிற ஒரு பென்னி முத்திரை வழக்குக்கு வந்தது. உலகின் முதல் தபால் முத்திரை அதுவே.

அம்முத்திரையின் ஒவ்வோர் இயல்புக்கும் காரணமுண்டு. ஒரு தாளில் 240 முத்திரைகள் அமைந்தமை ஏன்? வரிசைக்குப் பன்னிரண்டாக இருபது வரிசைகள். வரிசை ஒரு சிலிங், தாள் ஒரு பவுண். கறுப்பு நிறம் மறுவாண்டே சிவப்பாக மாறியமை ஏன்? கறுப்பின்மேற் குத்திய சிவப்பு மை எளிதில் அழிக்கப்பட்டமையால் முத்திரையை மீண்டும் ஒட்டி ஏமாற்றலாமென அஞ்சினர். பிரித்தானிய முத்திரைகளில் இன்றும் நாட்டின் பெயர் இல்லாமை ஏன்? முதன்முதல் வெளியிட்ட நாடாதலின் அரச தலையுருவமே அடையாளமாக நிலைத்துவிட்டது. இவ்வாறு ‘ஏன்’ என்று கேட்கப் பழகிய மாணவன் எத்துறையிலும் பின்தங்கான்.

நம் நாட்டின் முதல் முத்திரை 1857ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் முதலாந் திகதி வெளிவந்த ஆறு பென்னி முத்திரை. 1859இல் வெளியான மங்கிய இளஞ்சிவப்பு நான்கு பென்னி முத்திரை உலகப் புகழ்பெற்ற அரும்பொருள்களுள் ஒன்று. 1872இல் பென்னி மறைந்து ரூபாவும் சதமும் முத்திரைகளில் இடம்பெற்றன. 1935இல் தொடங்கிய படமுத்திரைத் தொகுதியில் இறப்பர்ப் பால் வெட்டுதல், தேயிலைக் கொழுந்து பறித்தல், கொழும்புத் துறைமுகம், பழைய குளம், திருகோணமலை ஆகிய காட்சிகளைக் காணலாம். குடியேற்ற ஆட்சியினர் இந்நாட்டில் எவற்றைப் பொருளாகக் கருதினர் என்பதை அத்தொகுதியே காட்டிவிடுகின்றது. 1971இல் நாவலர் பெருமானின் திருவுருவமும் முத்திரையில் ஏறியது. மறுவாண்டு நாடு குடியரசானதும் ஆங்கிலத்தில் ‘சிலோன்’ என்றிருந்த பெயர் ‘சிறீ லங்கா’ என மாறியது.

பிற நாட்டு வரலாற்றுக்கும் இவை சான்று பகரும். முதலாம் உலகப் போருக்குமுன் ஜேர்மனியில் உள்நாட்டுக் கடிதத்துக்குப் பத்து பெனிக், அதாவது ஒரு மார்க்கின் பத்திலொரு பங்கு, போதுமாயிருந்தது. 1923இல் அந்நாட்டில் 5,000 கோடி மார்க் பெறுமதி பொறித்த முத்திரை வெளிவந்தது. பணவீக்கம் என்றால் யாதென விளக்க இதனினும் சிறந்த பாடம் வேண்டுமோ?

நம்மவர்க்கு இன்னும் நெருங்கிய சான்று மலாயா முத்திரைகள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் உத்தியோகம் பார்க்க அங்குச் சென்றோர் பலர். அவர்கள் வீட்டுக்கெழுதிய கடிதங்களிற் பாயும் புலி பொறித்த மலாய்க் கூட்டரசு முத்திரைகள் வந்தன. 1942 முதல் 1945 வரை யப்பானியர் அந்நாட்டை ஆண்டபோது பழைய முத்திரைகளின்மேல் யப்பானிய எழுத்துக்களை அச்சிட்டு வழங்கினர். அவர்கள் நீங்கியபின் பிரித்தானிய இராணுவ நிர்வாகத்தின் முதலெழுத்துக்கள் அவ்வாறே அச்சிடப்பட்டன. 1957இல் சுதந்திர முத்திரையில் துங்கு அப்துல் இரகுமான் தோன்றினார். இந்நான்கையும் ஒரு பக்கத்தில் வரிசையாக ஒட்டிப் பார்ப்பவனுக்கு அரை நூற்றாண்டு வரலாறு ஒரு நோக்கில் விளங்கும்.

முத்திரையாற் செல்வம் பெறலாமென்று தொடங்குவோர்க்கு ஒரு வரலாறு கூறுவேன். 1856இல் பிரித்தானிய கயானாவில் இங்கிலாந்திலிருந்து வரவேண்டிய முத்திரைகள் தாமதித்தமையால் உள்ளூர்ப் பத்திரிகை அச்சகத்திலே சில முத்திரைகள் அச்சிடப்பட்டன. போலியைத் தடுக்கத் தபாற் கந்தோர் எழுதுவினைஞர் அவற்றிற் கையொப்பமிட்டனர். 1873இல் வேணன் வோண் என்னும் பன்னிரண்டு வயதுச் சிறுவன் அவற்றுள் ஒரு சத முத்திரையொன்றைக் குடும்பத்தாரின் பழங்கடிதங்களிடையே கண்டெடுத்தான். மூலைகள் வெட்டுண்டு அழகற்றிருந்த அதனை ஆறு சிலிங்குக்கு விற்றுவிட்டான். உலகில் அறியப்பட்ட பிரதி அஃதொன்றே. 2014இல் நியூயோர்க்கில் அது ஏறக்குறைய 95 இலட்சம் டொலருக்கு ஏலம் போயிற்று. இத்தகைய பேறு கோடியில் ஒருவர்க்கும் கிட்டுதல் அரிது. அதனை நாடி இப்பொழுதுபோக்கில் இறங்குதல் வீண். அழகை மட்டும் நோக்கி ஒரு பொருளை மதியாதே. அறியாததை அவசரப்பட்டுக் கைவிடாதே என்பதே இதனாற் பெறும் படிப்பினை.

இனி, தொடங்கும் முறையைச் சுருங்கக் கூறுவாம். உறையிலிருந்து முத்திரையை ஒருபோதும் உரித்தெடுத்தல் ஆகாது. சுற்றிலும் சிறிது தாள் விட்டு வெட்டிச் சுத்தமான நீரிலிட்டால் அது தானே கழன்றுவிடும். பின்னர் ஒற்றுத்தாளின்மேல் முகங்கவிழ்த்து உலர்த்துக. தாமாக ஒட்டும் புதுவகை முத்திரைகள் பல நீரிற் கழலமாட்டா. அவற்றைத் தாளோடே வைத்தல் நன்று. விரலாற் தொடாது சிறு இடுக்கியால் எடுத்தல் வேண்டும். அல்பத்தில் பசை பூசி ஒட்டுதல் முத்திரையைக் கொல்வதற்கொப்பாகும். அதற்கென விற்கப்படும் மெல்லிய ஒட்டுத்தாளையே கொள்ளுக. ஓரத்துத் துளைகள் முழுமையாயுள்ளனவா என நோக்குக. இரண்டு சதமமீற்றருள் எத்தனை துளைகள் உள்ளன என்பதைக்கொண்டே ஒரே வடிவமுள்ள இரு முத்திரைகளை வேறுபடுத்துவர். நம் நாட்டு மாரிகால ஈரமும் பூச்சியும் கொடியன. அல்பத்தை நிமிர்த்தி, காற்றோட்டமுள்ள இடத்தில் வைத்தல் வேண்டும்.

‘எல்வெற்சியா’ என்றிருப்பின் அது சுவிற்சர்லாந்து. ‘சுவோமி’ என்றிருப்பின் பின்லாந்து. இவற்றைத் தேடிக் காண்பதிலேயே பூமிசாத்திரம் வளரும். உலகமுழுவதையும் சேர்க்க முயலாது ஒரு நாட்டையோ, பறவை, புகையிரதம், கோயில் போன்ற ஒரு பொருளையோ தெரிந்துகொள்ளுதல் அறிவுடைமை.

இறுதியாக ஒன்று. பழைய கடித உறை கிடைப்பின் அதிலிருந்து முத்திரையை நீக்கவே வேண்டா. தபாற் குறியிலுள்ள ஊரும் திகதியும் கட்டணமும் சேர்ந்தே அதனை ஓர் ஆவணமாக்குகின்றன. நம் முன்னோர் மலாயாவிலிருந்தும் கொழும்பிலிருந்தும் எழுதிய கடிதங்கள் எத்தனையோ இடப்பெயர்வுகளிலும் எரிந்த வீடுகளிலும் அழிந்தொழிந்தன. எஞ்சியவை சில பெட்டகங்களின் அடியிலே கிடக்கின்றன. அவற்றைக் குப்பையென எறியுமுன் ஒரு மாணவன் கண்ணிற் படுமாயின், ஒரு குடும்பத்தின் வரலாறு மட்டுமன்றி ஓர் ஊரின் வரலாறும் பிழைக்கும்.

ஆதலின் மாணவர்காள், உங்கள் பாட்டன்மாரிடம் கேளுங்கள். நண்பர் நால்வர் கூடி ஒரு முத்திரைக் கழகம் அமையுங்கள். கடல் கடந்து வாழும் பழைய மாணவ அன்பர்களே, ஆண்டுக்கொரு கடிதமேனும் இயந்திரத்தில் அச்சிட்ட சீட்டின்றி உண்மை முத்திரை ஒட்டிக் கல்லூரிக்கு எழுதுங்கள். அவ்வுறையைக் காத்து வைக்க இங்கு ஒரு சிறுவன் இருப்பான்.