கண் காட்டினால் கை நம்புமா?

விஆர் (மெய்நிகர் உலகம் காட்டும்) ஹெட்செட்டை மாட்டியதும் எதிரே ஒரு கை தெரிகிறது. அதை மூளை தன் கை என்று ஏற்பது எப்படி? படத்தின் துல்லியம்தான் காரணம் என்பார்கள் விற்பவர்கள். அதைவிடப் பெரிய காரணம் தோல். கண்ணுக்குத் தெரிகிற தொடலும் தோலில் படுகிற தொடலும் ஒரே கணத்தில் நடந்தால், கை அச்சு அசலாக இருக்கவேண்டிய அவசியமே இல்லை.

1998இல் பாட்வினிக், கோஹன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் இதைக் காட்டினார்கள். சொந்தக் கையைத் தட்டிக்குப் பின்னால் மறைத்து, கண்ணெதிரே ஒரு ரப்பர் கையை வைத்து, இரண்டையும் ஒரே தாளத்தில் தூரிகையால் வருடினார்கள். சற்று நேரத்தில் வருடல் ரப்பர் கையில் படுவதாகவே தோன்றியது. தாளம் தப்பியதும் மாயம் குன்றியது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நரம்பியல் ஆய்வாளர் வி.எஸ். ராமச்சந்திரன் இன்னும் ஒருபடி போனார். 2003இல் வெளியான ஆய்வில் அவரும் ஆர்மெல் என்ற ஆய்வாளரும் ரப்பர் கையே இல்லாமல், மறைத்த கையையும் வெறும் மேசையையும் ஒரே தாளத்தில் வருடிப் பார்த்தார்கள். பிறகு அந்த மேசையில் ஒட்டிய பிளாஸ்திரியைப் பிய்த்தபோது, பார்த்துக்கொண்டிருந்தவரின் தோல் வியர்த்தது!

தொடலே வேண்டாம், உடலுக்குள்ளிருந்து பார்க்கிற கோணமே போதும் என்று சொல்லும் விஆர் ஆய்வுகளும் உண்டு.

எனக்குக் கவலை வேறு. அண்ணனூரிலிருந்து ரயிலேறினால் அம்பத்தூர் தொழிற்பேட்டை பக்கம்தான். அங்கே பவர் பிரஸ் இயந்திரத்தில் கை போனவர்கள் பலருக்கு, இல்லாத அந்தக் கை வலிக்கும். சிலருக்கு விரல்கள் மடங்கி உள்ளங்கையில் நகம் குத்துவதுபோல இருக்கும். வீட்டில் சொன்னால் பைத்தியம் என்பார்களோ என்று வாய்திறக்காமல் இருப்பவர்கள் உண்டு. அது பைத்தியமல்ல. கை போனாலும் மூளையில் அதன் வரைபடம் அழிவதில்லை.

இதற்கு ராமச்சந்திரன் 1990களில் கண்ட வழி ஒரு சாதாரண முகம்பார்க்கும் கண்ணாடி. நெஞ்சுக்கு நேரே, முகப்பு நல்ல கைப்பக்கம் இருக்கும்படி நிமிர்த்தி வைத்து, நல்ல கையின் பிம்பம் போன கையின் இடத்தில் தெரியும்படி பார்த்துக்கொண்டே, மெல்ல விரலை விரிக்கவேண்டும். பலருக்கு அந்த இல்லாத முஷ்டியும் அவிழ்ந்தது. கால் இழந்தவர்களிடம் அமெரிக்காவில் நடந்து 2007இல் வெளியான ஆய்வில், தினமும் 15 நிமிடம், 4 வாரம் கண்ணாடி பார்த்த எல்லோருக்கும் வலி குறைந்தது. ஆய்வு சிறியது, எல்லோருக்கும் பலிக்காது என்பவர்களும் இருக்கிறார்கள். பலிக்காவிட்டால் பண நட்டம் ஒரு கண்ணாடியின் விலைதான்.

இப்போது அதே வேலையை விஆர் செய்யும் என்கிறார்கள். செய்யட்டும். ஆனால் ஹெட்செட் வரும்வரை கண்ணாடி காத்திருக்கக் கூடாது. மருத்துவர்களே, கை இழந்தவரை டிஸ்சார்ஜ் செய்யும் அன்றே, வலி வரலாம் என்பதையும் கண்ணாடியை எப்படி வைப்பது என்பதையும் அவர் மனைவிக்கும் சேர்த்துச் சொல்லி அனுப்புங்கள்.