குறை இருப்பதால்தான் உலோகம் வளைகிறது

செப்புக் கம்பி ஏன் உடையாமல் வளைகிறது என்று மாணவர் கேட்டால், ‘அணு அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி நகர்கின்றன’ என்கிறோம். இவ்விடை சரிதான், ஆனால் முழுமையானது அன்று.

ஓர் அடுக்கு முழுவதும் ஒரே நேரத்தில் நகர எவ்வளவு விசை வேண்டும்? 1926இல் யாக்கோவ் ஃபிரெங்கல் இதைக் கணக்கிட்டார். மேல்நிலை வேதியியலில் வரும் ஃபிரெங்கல் குறைபாடு இவர் பெயரால் அமைந்ததே. மென்மையான உலோகப் படிகங்களோ, அவர் கணக்கிட்டதில் ஆயிரத்தில் ஒரு பங்கு விசைக்கே வளைந்துவிடுகின்றன!

இப்புதிருக்கு 1934இல் டெய்லர், ஒரோவான், போலானி ஆகிய மூவரும் தனித்தனியே விடை கண்டனர். படிகத்திற்குள் சில அணுத்தளங்கள் பாதியிலேயே முடிந்துவிடுகின்றன. அவை முடியும் விளிம்பு ஒரு கோட்டுக் குறைபாடு. பெரிய ஜமுக்காளத்தை மொத்தமாக இழுப்பது கடினம். ஓரத்தில் ஒரு மடிப்பை உண்டாக்கி அதை மறுமுனைவரை தள்ளினால் ஜமுக்காளம் எளிதாக நகர்ந்துவிடும். கோட்டுக் குறைபாடும் அந்த மடிப்பைப் போன்றதே. ஒவ்வொரு வரிசையாகப் பிணைப்பு விட்டு மீண்டும் சேர்வதால் சிறு விசையே போதுமாகிறது.

அப்படியானால் குறைபாடுகள் பெருகப் பெருக உலோகம் மேலும் மென்மையாக வேண்டுமே? நடப்பது நேர்மாறு. வளைக்கும்போதும் தட்டும்போதும் புதிய கோடுகள் தோன்றி, ஒன்றோடொன்று சிக்கி, நகர முடியாமல் நிற்கின்றன. எனவே உலோகம் கடினமாகிறது. நன்கு தட்டப்பட்ட உலோகத்தில் ஒரு கன சென்டிமீட்டருக்குள் இக்கோடுகளின் மொத்த நீளம் சுமார் 10 லட்சம் கிலோமீட்டர்வரை இருக்கலாம். இது நிலவுக்குப் போய்த் திரும்பும் தூரத்தைவிட அதிகம்! சூடாக்கினால் அணுக்கள் இடம் மாறி, சிக்கல் குறைந்து, மென்மை திரும்புகிறது. பொற்கொல்லர் கம்பி இழுக்கும்போது இடையிடையே அதைச் சூடாக்குவது இதனால்தான்.

22 ஆண்டுகள் கருத்தளவில் இருந்த இக்கோடுகள் நகர்வதை, 1956இல் கேம்பிரிட்ஜின் கேவண்டிஷ் ஆய்வகத்தில் ஹிர்ஷ், ஹார்ன், வீலன் ஆகியோர் நேரில் கண்டனர். மிக மெல்லிய அலுமினியத் தகட்டின் ஊடே எலக்ட்ரான் கற்றையைச் செலுத்தும் நுண்ணோக்கி அதற்கு உதவியது.

வகுப்பறையில் செய்து பார்க்க

1. தடித்த செப்புக் கம்பி ஒன்றை மாணவர் பலமுறை வளைத்து நிமிர்த்தட்டும். கம்பி விறைப்பாவதைக் கை உணரும். பின் ஆசிரியர் இடுக்கியால் பிடித்து, மங்கிய சிவப்பு நிறம் வரும்வரை சூடாக்கி, முழுவதும் ஆறியபின் கொடுக்கலாம். கம்பி மீண்டும் எளிதாக வளையும்.

2. அகன்ற தட்டில் சோப்புக் கரைசல் ஊற்றி, சில துளி கிளிசரின் சேர்க்கவும். மீன்தொட்டிப் பம்பின் குழாயில் மெல்லிய ஊசியைப் பொருத்திக் கரைசலுக்குள் காற்றைச் செலுத்தினால், ஒரே அளவுக் குமிழிகள் அணுக்களைப் போல வரிசையாக அடுக்கிக்கொள்ளும். இரு அளவுகோல்களால் பக்கவாட்டில் மெதுவாக நெருக்கினால், பாதியில் முடியும் வரிசைகள் சட்டெனத் தாவி நகரும். பிராக், நை இருவரும் 1947இல் விளக்கிய மாதிரி இது.

செய்து முடித்ததும், ‘குறையே இல்லாத படிகம் கிடைத்தால் அதை வளைப்பது எளிதா, கடினமா?’ என்று கேளுங்கள். மாணவர் சொல்லும் காரணத்திலிருந்து அவர்கள் புரிந்துகொண்டதை அறியலாம்.